முந்நூறாவது வெற்றி: முதிய பந்து வீச்சாளரும் ஒரு முழு எண்ணும்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு பந்து வீச்சாளரின் பெயருக்கு எதிரே குறிக்கப்படும் வெற்றி, அணி முழுவதும் சேர்ந்து ஈட்டியதை விதியின்படி ஒருவர் கணக்கில் வரவு வைக்கும் ஏற்பாடாகும். அந்த வரவுகள் வாழ்நாள் முழுவதும் சேர்ந்து 300ஐத் தொட்டால் அந்த வீச்சாளர் ஆட்ட வரலாற்றில் நிலையான இடம் பெறுகிறார் என்ற நம்பிக்கை ஏறத்தாழ நூறாண்டுகளாக வேரூன்றியிருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றில் 24 பேர் மட்டுமே இந்த எண்ணிக்கையை அடைந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதை நெருங்கிய நிலையிலோ அதைக் கடந்த பின்னரோதான் அடைந்தார்கள். உடலின் வலு குன்றி, அணிகள் கைவிடத் தொடங்கும் காலத்தில் ஒரு மனிதர் ஓர் எண்ணுக்காக ஆடுகளத்தில் தங்கியிருப்பது அவருடைய தனிப்பட்ட பிடிவாதம் என்று மட்டும் கொள்ளத் தக்கதன்று. அந்த எண் வீச்சாளரையும் அவரை அமர்த்தும் அணியையும் பின்னர் அவரை மதிப்பிடும் வாக்காளர்களையும் ஒருசேர இயக்கியிருக்கிறது என்பதற்கு ஆட்டப் பதிவேடுகளே சான்று தருகின்றன.

விதி எளிமையானது போலத் தோன்றினாலும் அதன் விளைவுகள் எளியவை அல்ல. ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் மாறி மாறி ஒன்பது இன்னிங்ஸ் மட்டையடிக்கின்றன. ஆட்டத்தைத் தொடங்கும் வீச்சாளர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும், அவர் விலகும் வேளையில் அவருடைய அணி ஓட்டங்களில் முன்னிலையில் இருக்க வேண்டும், அந்த முன்னிலை ஆட்டம் முடியும்வரை ஒருமுறையும் நழுவக் கூடாது. இம்மூன்றும் நிறைவேறினால் அவர் கணக்கில் ஒரு வெற்றி சேரும். 1950இல் இந்த ஐந்து இன்னிங்ஸ் வரையறை விதிநூலில் எழுதப்படும்வரை, வெற்றியை யாருக்கு அளிப்பது என்பதில் ஆட்டக் குறிப்பாளரின் தீர்ப்புக்குப் பெரிதும் இடமிருந்தது. வீச்சாளர் எதிரணியை ஓர் ஓட்டம்கூட எடுக்கவிடாமல் எட்டு இன்னிங்ஸ் வீசினாலும், தம் அணியினர் ஓட்டம் எடுக்கவில்லை என்றால் அவருக்கு எதுவும் கிடைக்காது. ஐந்து ஓட்டங்களை விட்டுக்கொடுத்தவர், தம் அணியினர் ஏழு ஓட்டங்கள் குவித்ததால் வெற்றியாளராகப் பதிவாகவும் கூடும். ஆகவே நீண்டகால வெற்றிக் கணக்கு, திறமை, உடல் உறுதி, நல்ல அணியில் இடம் கிடைத்தல் ஆகிய மூன்றும் பிரிக்க முடியாமல் கலந்த ஒன்று.

கணக்கைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்: ஆண்டுக்கு 15 வெற்றிகள் என்ற, எந்தக் காலத்திலும் நல்லதெனக் கருதப்படும் விளைச்சலை ஒருவர் 20 ஆண்டுகள் இடையறாமல் தந்தால்தான் 300 நிறையும். சை யங் என்பவரின் 511 வெற்றிகள், வால்டர் ஜான்சனின் 417, கிறிஸ்டி மேத்யூசனும் குரோவர் கிளீவ்லாண்ட் அலெக்சாண்டரும் தலா ஈட்டிய 373 ஆகியவை, ஓர் அணியில் சில வீச்சாளர்களே இருந்து, தொடங்கியவரே ஆட்டத்தை முடிக்கவும் செய்த காலத்தின் எண்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய உச்ச அளவு வாரன் ஸ்பானின் 363 ஆகும். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் உள்ள ஹால் ஆஃப் ஃபேம் எனப்படும் புகழ்க்கூடத்தில், 300ஐ எட்டியவர்களில் ரோஜர் கிளெமென்ஸ் ஒருவரைத் தவிர அனைவரும் இடம் பெற்றுவிட்டார்கள். ஊக்க மருந்து பற்றிய குற்றச்சாட்டுகள்தாம் கிளெமென்ஸுக்குத் தடையாக நின்றன. அவருடைய வெற்றிகள் 354.

பதிவேட்டில் மிகவும் கவனிக்கத்தக்கது இந்த 24 பெயர்களுக்கு அடுத்து வரும் வெற்றிடம்தான். இருபதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும் ஆடியவர்களில் 289 முதல் 299 வரையிலான வெற்றிகளுடன் ஓய்வு பெற்றவர் ஒருவர்கூட இல்லை. லெஃப்டி குரோவும் எர்லி வின்னும் சரியாக 300இல் நிற்கிறார்கள். அதற்குக் கீழே அடுத்த பெயர் 288 வெற்றிகள் பெற்ற டாமி ஜான். வீச்சாளர்கள் வயதாலும் காயத்தாலும் மட்டுமே ஓய்வு பெறுவதாக இருந்திருந்தால் இப்படி ஓர் இடைவெளி விழ வேண்டிய காரணமில்லை. 291இலும் 296இலும் சிலர் நின்றிருப்பார்கள். எல்லைக்கு அருகில் வந்தவர்கள் எப்படியேனும் அதைக் கடந்துவிடுகிறார்கள், கடந்த உடன் சிலர் நின்றும்விடுகிறார்கள் என்பதையே இந்த இடைவெளி காட்டுகிறது. குரோவ் 1941 ஜூலை 25 அன்று தம் 41ஆவது வயதில், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக 10–6 என்ற கணக்கில் 300ஆவது வெற்றியைப் பெற்றார். அதன் பின் ஒரு வெற்றியும் பெறாமலே ஓய்வு பெற்றார்.

எல்லையைக் கடக்கும் இந்த முயற்சியின் முழுப் பாடும் எர்லி வின்னின் வாழ்வில் தெரிகிறது. 1920இல் அலபாமா மாநிலத்தில் பிறந்து, 1939இல் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியில் மேஜர் லீகுக்குள் நுழைந்த வின், அந்த வலுவற்ற அணியில் பெற்றது 72 வெற்றிகளும் 87 தோல்விகளும். கிளீவ்லாண்ட் அணிக்கு மாற்றப்பட்ட பிறகு, பயிற்சியாளர் மெல் ஹார்டரிடம் புதிய வீச்சு முறைகளைக் கற்று, வேகப் பந்தை மட்டுமே நம்பியிருந்த நிலையிலிருந்து மீண்டு, 1950களின் தலைசிறந்த வீச்சாளர்களில் ஒருவரானார். 1959இல் 39 வயதில் சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்காக 22 வெற்றிகள் பெற்று, அந்தக் காலத்தில் இரு லீகுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒருவருக்கே தரப்பட்ட, சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருதையும் வென்றார். 1962 பருவம் தொடங்கியபோது அவரிடம் 292 வெற்றிகள் இருந்தன. எட்டு வெற்றிகள் ஒரே பருவத்தில் எளிதாக வந்துவிடும் என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் அவர் 15 ஆட்டங்களில் தோற்று ஏழில் மட்டுமே வென்றார். செப்டம்பரில் 299ஐத் தொட்ட பிறகு எஞ்சிய முயற்சிகள் வீணாயின. பருவம் முடிந்ததும் வைட் சாக்ஸ் அவரை விடுவித்துவிட்டது.

நாற்பத்து மூன்று வயதில், கீல்வாதத்தால் கால் வலியும் சேர்ந்துகொள்ள, 1963 பருவத்தின் தொடக்கத்தில் அவருக்கு அணியே இல்லை. ஜூன் மாதம் கிளீவ்லாண்ட் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஜூலை 13 அன்று கான்சஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ் அணிக்கு எதிராக, ஒரே நாளில் நடந்த இரு ஆட்டங்களில் இரண்டாவதில் அவர் வீசினார். ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபோது கிளீவ்லாண்ட் 5–4 என முன்னிலையில் இருந்தது. விதி கோரும் குறைந்த அளவு நிறைவேறிய நிலையில் அவர் விலகினார். அதன் பிறகு அவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஜெர்ரி வாக்கர் என்ற இளைய வீச்சாளர் எஞ்சிய நான்கு இன்னிங்ஸிலும் ஓர் ஓட்டமும் விடாமல் காத்து நிற்க, ஆட்டம் 7–4 என்று முடிந்து, 300ஆவது வெற்றி வின்னின் கணக்கில் சேர்ந்தது. கால் நூற்றாண்டாகத் தாம் தொடங்கிய ஆட்டத்தைத் தாமே முடிக்க வேண்டும் என்று பொருதிய ஒருவருக்கு, அவர் வாழ்வின் மிக முக்கியமான வெற்றி மற்றொருவரின் தோளிலிருந்து வந்தது. வெற்றி என்ற கணக்கீட்டின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆட்டம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. அதுவே வின்னின் கடைசி வெற்றியும் ஆகும். அவருடைய ஒட்டுமொத்தக் கணக்கு 300 வெற்றிகள், 244 தோல்விகள். ஆனாலும் புகழ்க்கூடத் தேர்தலில் நான்காம் முறை, 1972இல்தான், தேவையான 75 விழுக்காடு வாக்குகள் அவருக்குக் கிடைத்தன.

அடுத்த 19 ஆண்டுகள் எவரும் 300ஐ எட்டவில்லை. 1981 பருவத்தின் முடிவில் கேலார்ட் பெர்ரியிடம் 297 வெற்றிகள் இருந்தன. அட்லாண்டா பிரேவ்ஸ் அணி அவரை விடுவிக்க, 1977இல்தான் ஆடத் தொடங்கியிருந்த சியாட்டில் மேரினர்ஸ் அணி ஏற்றுக்கொண்டது. 1982 மே 6 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணியை 7–3 என்று வென்றபோது அவருக்கு வயது 43. சொல்லிக்கொள்ள வரலாறு இல்லாத ஓர் அணிக்கு அந்த இரவு வரலாறு தந்தது என்பதால், முதியவரை அமர்த்தியது வெறும் இரக்கச் செயல் அன்று. எண்ணை நெருங்கிய வீச்சாளர், தம் வீச்சின் விலையைக் காட்டிலும் கூடுதலான ஒரு விலையை அணிக்கு ஈட்டித் தருகிறார். டிக்கெட் விற்பனை, செய்தித்தாள் கவனம், அணியின் பெயர் பதிவேட்டில் நிலைபெறுதல் எல்லாம் அதில் அடங்கும்.

பெர்ரியைப் போலவே பிரேவ்ஸ் அணியால் 1983இன் முடிவில் விடுவிக்கப்பட்டவர் ஃபில் நீக்ரோ. அப்போது அவரிடம் இருந்தவை 268 வெற்றிகள். அவருடைய வீச்சு நக்கில்பால் எனப்படுவது: பந்தை விரல் நுனிகளால் பற்றி, சுழற்சி ஏதும் இல்லாமல் மெதுவாகத் தள்ளிவிடும் முறை. சுழலாத பந்து காற்றில் எந்தப் பக்கம் விலகும் என்பதை மட்டையாளராலும் பிடிப்பவராலும், ஏன் வீசுபவராலும்கூட முன்கூட்டிச் சொல்ல முடியாது. தோளுக்கும் முழங்கைக்கும் இது தரும் சுமை குறைவு என்பதால் நாற்பது வயதுக்குப் பிறகு மட்டும் அவரால் 121 வெற்றிகள் பெற முடிந்தது. யாங்கீஸ் அணியில் 1984இல் 16, 1985இல் 16 என்று பெற்று, அந்தப் பருவத்தின் கடைசி நாளான அக்டோபர் 6 அன்று டொராண்டோ புளூ ஜேஸ் அணியை 8–0 என்று வென்று 46 வயதில் 300ஐ அடைந்தார். முந்தைய நாள்தான் டொராண்டோ தன் பிரிவின் முதலிடத்தை உறுதி செய்திருந்தது. ஆகவே அந்த ஆட்டத்தால் அட்டவணையில் எதுவும் மாறப்போவதில்லை. தாம் ஒரே ஒரு வித்தை கற்றவர் என்ற எண்ணத்தை முறிக்க விரும்பிய நீக்ரோ, கடைசி மட்டையாளர் வரும்வரை நக்கில்பாலைத் தொடவே இல்லை. எண்ணைத் துரத்தியவர்களில் இவ்வளவு தன்மதிப்போடு அதை எட்டியவர் வேறு எவரும் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

எட்டாதவர்களின் கதை வேறு வகையில் அறிவூட்டுகிறது. டாமி ஜானின் இடக்கை முழங்கைத் தசைநார் 1974இல் அறுந்தபோது, ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் அவருடைய மற்றொரு கையிலிருந்து நாண் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் பொருத்தினார். இன்று உலகெங்கும் அந்த வீரரின் பெயராலேயே வழங்கும் அறுவை சிகிச்சை அது. அதற்கு முன் 124, அதற்குப் பின் 164 வெற்றிகள் பெற்று, 46 வயதில், 1989இல் அவர் ஓய்ந்தார். சிகிச்சைக்குப் பின் ஆடாது கழிந்த 1975ஆம் ஆண்டு முழுவதும் கையில் இருந்திருந்தால் எஞ்சிய 12 வெற்றிகளும் வந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. 287இல் நின்ற பெர்ட் பிளைலெவன் புகழ்க்கூடத்துக்காக 14 தேர்தல்கள் காத்திருந்தார். 13 வெற்றிகள் கூடுதலாக இருந்திருந்தால் அந்தக் காத்திருப்பு இவ்வளவு நீண்டிருக்காது. ஆயினும் அந்த 13 வெற்றிகளால் அவர் வீசிய ஒரு பந்தின் தரமும் மாறியிருக்காது. மாறாக, 2008இல் தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரே பருவத்தில் 20 வெற்றிகள் பெற்ற மைக் முசினா, 270இல் தாமாகவே விலகினார். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆடினால் 300 கைக்கெட்டும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. 2019இல் புகழ்க்கூடம் அவரை ஏற்றது.

இந்த எண்ணுக்குள் அடங்காதவையும் பல. குரோவ் 1920 முதல் 1924 வரை பால்டிமோரில் ஆடிப் பெற்ற நூற்றுக்கு மேற்பட்ட வெற்றிகள், அது சிறு லீக் என்பதால் கணக்கில் இல்லை. அவரை விற்க மறுத்து அணி உரிமையாளர் நிறுத்தி வைத்ததே அவர் அத்தனை ஆண்டுகள் அங்கே ஆடியதற்குக் காரணம். 22 வயதிலேயே 107 வெற்றிகள் பெற்றிருந்த பாப் ஃபெல்லர், 1941 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்து ஏறத்தாழ நான்கு பருவங்களைப் போருக்குக் கொடுத்தார், 266இல் முடித்தார். இவற்றைக் காட்டிலும் பெரிய குறை ஒன்று உண்டு. 1947இல் ஜாக்கி ராபின்சன் நுழையும்வரை கறுப்பின வீரர்களுக்கு மேஜர் லீகின் கதவு மூடியிருந்தது. தம் தலைமுறையின் மிகச் சிறந்த வீச்சாளர்களுள் ஒருவர் எனக் கருதப்பட்ட சாட்செல் பேய்ஜால் 1948இல் தம் 42ஆவது வயதில்தான் அங்கே முதல் பந்தை வீச முடிந்தது. நீக்ரோ லீகுகள் எனப்பட்ட கறுப்பினத்தவர் போட்டிகளின் பதிவுகளை மேஜர் லீக் 2024இல் தன் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டபோதிலும், அங்கே அட்டவணை ஆட்டங்கள் குறைவு, பதிவாகாதவை மிகுதி என்பதால் பேய்ஜின் உழைப்பு அந்த எண்களில் சிறிதளவே தெரிகிறது. கறுப்பின வீச்சாளர் எவரும் இன்றுவரை 300ஐ எட்டியதில்லை. மிக நெருங்கியவர் கனடாவைச் சேர்ந்த ஃபெர்கி ஜென்கின்ஸ், 284. ஆகவே 300 வெற்றியாளர் பட்டியலை வெறும் தகுதிப் பட்டியலாக வாசிப்பது வரலாற்றுப் பிழையாகும்.

2009 ஜூன் 4 அன்று வாஷிங்டன் நகரில் ராண்டி ஜான்சன் தம் 45ஆவது வயதில் 300ஆவது வெற்றியைப் பெற்ற பிறகு அந்தப் பட்டியலில் புதிய பெயர் எழுதப்படவில்லை. ஆட்டத்தின் வேலைப் பங்கீடு மாறிவிட்டதே இதற்கு முதன்மைக் காரணம். நான்கு நாளுக்கு ஒருமுறை வீசிய தொடக்க வீச்சாளர்கள் 1970களுக்குப் பின் ஐந்து நாளுக்கு ஒருமுறை வீசத் தொடங்கினார்கள். 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஒருவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 32 ஆட்டங்கள்தாம். ஒரே மட்டையாளர் ஒரே வீச்சாளரை மூன்றாம் முறை எதிர்கொள்ளும்போது நன்றாக அடிக்கிறார் என்பதைப் புள்ளிவிவர ஆய்வுகள் நிறுவிய பின், ஐந்தாம் ஆறாம் இன்னிங்ஸிலேயே தொடக்க வீச்சாளரை விலக்கி, முழு வேகத்துடன் வீசும் மாற்று வீச்சாளர்களை வரிசையாகக் களமிறக்குவது வழக்கமாயிற்று. வெற்றி என்ற அளவுகோலின் மதிப்பும் சரிந்தது. 2018இல் ஜேக்கப் டிகிராம் பெற்றது பத்தே வெற்றிகள், ஒன்பது தோல்விகள். ஆனால் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்தது 1.70 ஓட்டங்கள் மட்டுமே என்பதால் சை யங் விருது அவருக்கே சென்றது. 2025இல் பால் ஸ்கீன்ஸ் பத்து வெற்றிகளும் பத்துத் தோல்விகளும் கொண்டு அதே விருதைப் பெற்றார். வீச்சாளரின் தரத்தை வீச்சைக் கொண்டே அளப்பது நியாயம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் துரத்தல் மறையவில்லை. இலக்கு மட்டும் 200ஆகக் கீழே இறங்கியது. செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக மட்டுமே ஆடிய ஆடம் வெயின்ரைட், அதுவே கடைசி ஆண்டு என்று அறிவித்து 2023 பருவத்தை 195 வெற்றிகளுடன் தொடங்கினார். ஜூன் மாதத்தில் 198ஐ எட்டியவருக்கு, தோள் வலியும் தொடர் தோல்விகளும் சேர்ந்துகொள்ள, அடுத்த வெற்றி செப்டம்பர் 12 அன்றுதான் வந்தது. அந்தப் பருவத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த சராசரி 7.40 ஓட்டங்கள், வேறு எந்தச் சூழலிலும் அப்படி வீசுபவருக்குத் தொடர்ந்து இடம் கிடைத்திருக்காது. கார்டினல்ஸ் அந்த ஆண்டு தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தது; இழக்க எதுவும் இல்லாத அணியால்தான் 18 ஆண்டுக்காலத் தொண்டுக்கு இப்படி ஒரு நன்றியைச் செலுத்த முடியும். செப்டம்பர் 18 அன்று, பிரிவின் முதலிடத்தில் இருந்த மில்வாக்கி புரூவர்ஸ் அணிக்கு எதிராக, 42 வயதான அவர் ஏழு இன்னிங்ஸ் ஓர் ஓட்டமும் விடாமல் வீசினார். கார்டினல்ஸ் எடுத்த ஒரே ஓட்டம் போதுமானதாயிற்று. 1–0 என்ற அந்த வெற்றியில் எண்ணும் தரமும் ஒருங்கே அமைந்தன. அதன் பிறகு அவர் மேஜர் லீகில் பந்து வீசவில்லை.

இன்று 300ஐ நோக்கி வெளிப்படையாக நடப்பவர் ஜஸ்டின் வெர்லாண்டர் ஒருவரே. முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பின் 2022இல் 39 வயதில் 18 வெற்றிகளுடன் சை யங் விருது வென்ற அவருக்கு, 2025இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியில் முதல் வெற்றிக்கே ஜூலை 23 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தப் பருவத்தில் அவருடைய ஓட்டச் சராசரி 3.85, அவ்வாறு வீசியவருக்குக் கிடைத்தவை நான்கு வெற்றிகள், பதினொரு தோல்விகள். வீச்சின் தரத்துக்கும் வெற்றிக் கணக்குக்கும் இடையிலான விலகலை இந்த எண்கள் காட்டுகின்றன. இவர் 300ஐ எட்டாமல் நின்றாலும் அவருடைய இடம் குறையப்போவதில்லை. 251 வெற்றிகள் பெற்ற சிசி சபாத்தியாவை 2025இல் முதல் தேர்தலிலேயே புகழ்க்கூடத்துக்குத் தேர்ந்தெடுத்த வாக்காளர்கள், பழைய எல்லைக்கோட்டைத் தாங்களே தளர்த்திவிட்டார்கள். 2025 பருவம் முடிந்தபோது 42 வயதான வெர்லாண்டரின் கணக்கில் இருந்தவை 266 வெற்றிகள்; எஞ்சியவை 34.